கருவேலங்காட்டு வீரன் பாடமாட்டான்

சேலத்தில் ஜவ்வரிசி காய்ச்சிப் பணம் பார்த்தவர்கள் எல்லோரும் சினிமா எடுக்கப் போய்விடவில்லை. ஒருவர்தான் போனார். ஊருக்கு அதுவே தாராளமாகப் போதுமானதாக இருந்தது.

சூரமங்கலத்துக்கு மேற்கே, தன் சேகோ ஆலையை ஒட்டின காலி இடத்தில் சுவர் எழுப்பி, ‘கஞ்சமலை பிக்சர்ஸ் லிமிடெட்’ என்று போர்டு மாட்டினார். முதலாளிக்குச் சினிமா தெரியாது. அதை அவர் மறைத்ததும் கிடையாது. குச்சிக்கிழங்கு தெரியும். கிழங்கைத் தோலுரித்து, அரைத்து, தொட்டியில் தேக்கி, மாவு படிந்ததும் உருட்டிக் காயவைத்தால் ஜவ்வரிசி. கதையையும் அப்படியே செய்துவிடலாம் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். அதற்காக ஏற்பட்டதுதான் கதை இலாகா.

இலாகாவில் ஏழு பேர். தலைவர் சுவாமிநாதன், பி.ஏ., பி.எல். கோர்ட்டில் இவர் வாதாடும்போதெல்லாம் ஜட்ஜுகள் தூங்கிப்போனதால் கலைத்துறைக்கு வந்தவர். மற்ற ஆறு பேரும் அவர் சொன்னதை வேறு வார்த்தையில் திருப்பிச் சொல்வதற்கு. முதலாளி எந்நேரமும் ஆலையில்தான் இருப்பார். அவருடைய நாற்காலி மட்டும் கூட்டத்துக்கு வரும். வருகிறவர்கள் நாற்காலிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் உட்கார வேண்டும். பேசுவதும் நாற்காலியைப் பார்த்துத்தான். நாற்காலி ஒன்றும் சொல்லாவிட்டால் தீர்மானம் நிறைவேறியது என்று அர்த்தம். எனக்குத் தெரிந்து நாற்காலி எதையும் எதிர்த்ததில்லை.

நான் சென்னிமலை. அம்மாபேட்டைத் தறிக்காரக் குடும்பம். தறிக்கு உட்கார முடியாது என்று அடம்பிடித்து ஆர்மோனியத்துக்கு உட்கார்ந்தவன். இசைமணி யாகப்பன் அண்ணனுக்கு வெகுகாலம் ஆர்மோனியம் வாசித்தேன். இது அவருடைய கதை.

யாகப்பன் அண்ணனைத் தெரியாதவர்கள் அந்தக் காலத்தில் சேலம், ராசிபுரம், நாமக்கல் பக்கத்தில் கிடையாது. மாதா தேர்பவனிக்கு அவர்தான் பாடுவார். மாரியம்மன் பண்டிகைக்கும் அவர்தான். நாமக்கல்லில் லாரிக்குப் புது பாடி கட்டி வெளியே எடுத்தால் அதற்கும் அவர் பாட்டு வேண்டும். மாதாவைப் பாடின மெட்டிலேயே மாரியம்மனையும் பாடுவார். இரண்டு தாய்மாரும் ஆட்சேபித்ததில்லை.

அப்பேர்ப்பட்டவருக்குத் தொண்டை கட்டியது. கட்டினது விடவில்லை. மிளகு, சித்தரத்தை, பனங்கற்கண்டு எல்லாம் பார்த்துவிட்டு மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லி விளக்கடித்துப் பார்த்தார். உள்ளே கட்டி வளர்ந்திருக்கிறது, பாடக் கூடாது, அளவாகப் பேசலாம், மீறினால் பேச்சும் போய்விடும் என்று சொல்லிவிட்டார். இது தெரிந்தவர்கள் அண்ணன், அவர் சம்சாரம் செல்வமேரி அண்ணி, அப்புறம் நான். பாட்டுக்காரனுக்குக் குரல் போனது வெளியே தெரிந்தால் மறுநாள் வாசலில் ஒரு ஈ காக்கை வராது.

“பாடாம சோறு திங்கறவங்க ஊர்ல இல்லையா? நீங்களும் திங்கலாம். ஏதாச்சும் வழி பாருங்க” என்றார் அண்ணி.

அண்ணன் பார்த்த வழி, டவுன் கொட்டகையில் ஓடிக்கொண்டிருந்த ஒரு இங்கிலீஷ் குதிரைப் படம். ஒரே வாரத்தில் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். கூட நானும்.

“கவனிச்சியா சென்னிமலை? அவன் பாடுறதே இல்லை. பேசுறதும் கொஞ்சந்தான். சுருட்டுப் பத்த வைக்கிறான், சுடுறான், குதிரை ஏறிப் போயிடுறான். ஜனங்க கண்ணை எடுக்காம பாக்குதுங்க. கழுத்துக்கு மேல வேலையே இல்லையே!”

கஞ்சமலை பிக்சர்ஸிலும் அதே சமயத்தில் ஒரு குதிரைப் படம் தொட்டியில் ஊறிக்கொண்டிருந்தது. இந்தி எதிர்ப்புக் கலவரத்துக்கு முந்தின வருஷம் அது. படத்துக்குப் பெயர் ‘கருவேலங்காட்டு வீரன்’. அண்ணன் வெள்ளை ஜிப்பா போட்டுக்கொண்டு, சூரமங்கலம் மாதா கோவிலில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு கதை இலாகாவுக்குப் போனார். இருவரும் நாற்காலியைக் கும்பிட்டோம்.

“சீரியஸ் வேஷம் ஒண்ணு வேணும்ங்க. பாட்டு வேண்டாம்” என்றார் அண்ணன்.

ஏழு பேரும் நாற்காலியைப் பார்த்தார்கள். சுவாமிநாதன் எழுந்தார். அவர் எழுந்தால் மேல்துண்டை இரண்டு தோளிலும் மாறிமாறிப் போடாமல் உட்கார மாட்டார்.

“முதலாளி அவர்களே! தமிழ்ப் படங்களில் பாட்டு மலிந்துவிட்டது. சாகிறவன் பாடுகிறான். சாகடித்தவனும் பாடுகிறான். செத்தவனுடைய போட்டோ பாடுகிறது. இந்த அநாகரிகத்துக்கு முற்றுப்புள்ளி வைக்கும் தகுதி இந்த இலாகாவுக்கு மட்டுமே உண்டு. ஏனென்றால் அந்தப் படங்களை எடுத்தவர்கள் நாம்தான்!”

ஆறு பேரும் இதையே ஆறு விதமாகச் சொன்னார்கள். ‘கதாநாயகன் பாடமாட்டான்’ என்று ஒப்பந்தத்தில் டைப் அடித்து, நாற்காலி மேல் கொஞ்ச நேரம் வைத்திருந்து எடுத்துக் கொடுத்தார்கள். அண்ணன் அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அண்ணன் பாடாவிட்டால் ஆர்மோனியத்துக்கு என்ன வேலை? அதையும் அவரே இலாகாவிடம் கேட்டு, எனக்குப் பின்னணி இசையில் ஒரு இடம் வாங்கித் தந்தார். அதுதான் யாகப்பன் அண்ணன்.

வீரனுடைய கால்சட்டை லாரிக்கு மேல் போர்த்துகிற தார்ப்பாயில் தைத்தது. போட்டுக்கொண்டு நின்றால் உட்கார முடியாது. உட்கார்ந்தால் இரண்டு பேர் தூக்கிவிட வேண்டும். குதிரையை ஜங்ஷன் ஜட்கா வண்டி ஸ்டாண்டிலிருந்து பிடித்து வந்தார்கள். பாவம், நல்ல குதிரை. ஆனால் வாழ்நாளெல்லாம் ரயில் வந்தால் ஜங்ஷனுக்கு ஓட வேண்டும் என்று பழகின குதிரை. வீரன் கொள்ளைக்காரனைத் துரத்துகிற கட்டத்தில் கொச்சி மெயில் ஊதியது. குதிரை கொள்ளைக்காரனை விட்டுவிட்டு நேராக ஜங்ஷன் வாசலில் போய்த் தன் இடத்தில் நின்றது. நானும் மற்றவர்களும் ஓடிப்போய்ச் சேரும்போது, டிரங்குப் பெட்டியோடு ஒரு பெரியவர் அண்ணனிடம் அம்மாபேட்டைக்கு என்ன வாடகை என்று பேசிக்கொண்டிருந்தார். அண்ணன் கையில் துப்பாக்கியோடு, இது வண்டி இல்லை, வெறும் குதிரைதான் என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

விஷயம் இலாகாவுக்குப் போனது. குதிரையை மாற்றலாம் என்று நான் மெதுவாகச் சொன்னேன்.

“கதை இலாகா எதையும் நீக்குவதில்லை. சேர்க்கத்தான் செய்யும்” என்றார் சுவாமிநாதன்.

கதையில் ஒரு ரயில் நிலையம் சேர்ந்தது. ரயில் நிலையம் வந்ததால் அதில் வந்து இறங்குவதற்கு வீரனுக்கு ஒரு தாயார் சேர்ந்தார். தாயார் வந்தபின் தங்கை இல்லாமல் எப்படி? தங்கை வந்தபின் அவளுக்குக் கல்யாணம் ஆகாமல் எப்படி? கருவேலங்காட்டில் பந்தல் போட்டு வாழைமரம் கட்டினார்கள். கொள்ளைக்காரர்கள் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

அண்ணன் எதற்கும் முகம் சுளிக்கவில்லை. “பாட்டு இல்லையில்ல? அது போதும்” என்பார்.

அந்த நேரத்தில்தான் செல்லமுத்து வந்தார். நாமக்கல் சுற்றுவட்டாரத்தில் இருந்த டூரிங் கொட்டாய்களில் பாதிக்கு மேல் அவருடையது. எடுத்தவரைக்கும் போட்டுக் காட்டச் சொன்னார். பார்த்துவிட்டு வெற்றிலையைத் துப்பினார்.

“ஏனுங்க, யாகப்பன் படத்துல யாகப்பன் பாடலீங்கறீங்க. இட்லிக் கடை வெச்சுப்போட்டு இங்க இட்லி இல்லீன்னு போர்டு மாட்டுவீங்களா? எங்க ஊர்ச் சனம் மணலை அள்ளி வீசிப்போடுமுங்க.”

இலாகா அவசரமாகக் கூடியது. அண்ணனையும் என்னையும் கூப்பிட்டார்கள்.

“ஒப்பந்தத்தை நாங்கள் மீறமாட்டோம்” என்று ஆரம்பித்தார் சுவாமிநாதன். “கதாநாயகன் பாடமாட்டான். அவன் மனசாட்சி பாடும்.”

“மனசாட்சிக்கு யாருங்க குரல் குடுக்கறது?” என்றார் அண்ணன்.

“மனசாட்சி உங்களுடையது. குரல் மட்டும் எப்படி வேறொருவருடையதாக இருக்க முடியும்? சட்டம் படித்தவன் சொல்கிறேன்.”

அண்ணன் சரி என்றார். சொல்லாமல் என்ன செய்வார், பாதிப் படம் முடிந்திருந்தது. ஒலிப்பதிவுக் கூடத்தில் கண்ணை மூடிக்கொண்டு அந்த ஒரு பாட்டைப் பாடினார். நான் சுருதியை இறக்கிக்கொண்டே போனேன், அவர் அதற்கும் கீழே இறங்கினார். பாடி முடித்துக் கைக்குட்டையை வாயில் வைத்து எடுத்தபோது அதில் சிவப்பாக இருந்தது. எனக்குப் பார்க்கவே பொறுக்கவில்லை. அன்றிலிருந்து அவருடைய பேச்சும் உடைந்துபோயிற்று.

அடுத்ததாகக் கடைசிக் கட்டத்துக்கு ஒரு பாட்டு என்றார்கள். வீரன் குண்டடிபட்டுச் சாகும்போது அவன் ஆவி பாட வேண்டும். அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார்.

“ஐயா, வேற யாரையாச்சும் வெச்சுப் பாடிக்குங்க. நான் வாயை மூடிக்கிட்டு நடிக்கிறேன்.”

சுவாமிநாதனுக்கு உண்மையிலேயே வருத்தம். “யாகப்பன், பாடாத நடிகராக உங்களை எடுத்ததே நீங்கள் பாடகர் என்பதற்காகத்தான். பாடத் தெரியாதவன் பாடாமல் இருந்தால் அதில் என்ன பெருமை இருக்கிறது?”

நாற்காலி ஒன்றும் சொல்லவில்லை. தீர்மானம் நிறைவேறியது.

எங்கள் பக்கத்து வழக்கத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். நாடகத்தில் நாயகன் பாடிக்கொண்டேதான் சாவான். பாட்டு நன்றாக இருந்தால் ஜனங்கள் ‘ஒன்ஸ் மோர்’ என்பார்கள். பிணம் எழுந்து, துண்டால் முகத்தைத் துடைத்து, இன்னொரு தடவை பாடிவிட்டு மறுபடி சாகும். ஒரே தடவை செத்தவனை யாரும் நடிகன் என்று ஒத்துக்கொள்வதில்லை.

அண்ணனைக் காப்பாற்றியது சீனாக்காரன்தான் என்று சொல்ல வேண்டும். சீனாவோடு நடந்த யுத்தத்துக்குப் பிறகு, வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய பிலிமுக்கு ஒரே தட்டுப்பாடு. முதல்நாள் சாவு, மறுநாள் பாட்டு என்று திட்டம். முதல்நாளே பிலிம் தீர்ந்துவிட்டது. கல்யாணப் பந்தி நிறையத் தின்றிருந்தது. பொங்கலுக்குப் படம் வருகிறது என்று செல்லமுத்து ஊரெல்லாம் நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது. ஆகவே பாட்டு இல்லாமலே வீரன் செத்தான்.

அந்தச் சாவை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். குண்டு பட்டதும் அண்ணன் சாயவில்லை. மெதுவாக உட்கார்ந்தார், தார்ப்பாய்க் கால்சட்டையோடு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். தொப்பியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார். எதையோ சொல்ல வாயைத் திறந்தார். திறந்த வாயை, இனி என்ன இருக்கிறது என்பதுபோல மூடிக்கொண்டார். அவ்வளவுதான். வேடிக்கை பார்க்க வந்த ஆலைப் பெண்கள் முந்தானையைக் கண்ணில் வைத்துக்கொண்டார்கள். எனக்கு அழுகை வந்தது. இந்த மனுஷன் இனிப் பாடாமலே பிழைத்துக்கொள்வார் என்ற சந்தோஷத்திலும் வந்தது.

பொங்கலன்று நாமக்கல் டூரிங் கொட்டாயில் முதல் ஆட்டம். கதை இலாகா முழுவதும் வந்திருந்தது. நாற்காலியும் லாரியில் வந்திருந்தது. அதை முன்னால் மணலில் போட்டார்கள். அண்ணனும் நானும் கடைசியில் மூங்கில் கம்பத்தோடு ஒட்டி நின்றோம். ஜனங்கள் குதிரையைப் பார்த்துச் சிரித்தார்கள், தாயாரைப் பார்த்து அழுதார்கள், மனசாட்சியின் பாட்டுக்கு விசிலடித்தார்கள். கடைசிக் கட்டம் வந்தது. வீரன் உட்கார்ந்தான், தொப்பியைக் கழற்றினான், வாயைத் திறந்து மூடினான்.

கொட்டாயில் ஒரு சத்தம் இல்லை. முறுக்கு விற்கிறவன்கூட நின்றுவிட்டான். அண்ணன் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“பாத்தியாடா, மூச்சுக்கூட விடல. நடிகன் ஆயிட்டேன்டா சென்னிமலை” என்று என் காதில் சொன்னார்.

எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் சிணுங்கின பிள்ளையின் வாயைப் பொத்தினாள்.

“சத்தம் போடாத சாமி. இப்ப எந்திரிச்சுப் பாடுவாரு பாரு.”

என் கையைப் பிடித்திருந்த பிடி தளர்ந்தது.

‘சுபம்’ போட்டார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. விளக்குப் போட்டார்கள். அப்போதும் எழுந்திருக்கவில்லை. பிறகு ஒருத்தன் திரும்பி ஆபரேட்டர் அறையைப் பார்த்தான். டூரிங் கொட்டாய் ஆபரேட்டர்கள் சீக்கிரம் வீட்டுக்குப் போவதற்காகப் பாட்டை வெட்டிவிடுவது ஊரறிந்த சங்கதி.

“டேய், பாட்டை வெட்டிப்போட்டான்டா!”

அவ்வளவுதான். ஆபரேட்டர் ரங்கனைச் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். “சத்தியமா வெட்டலீங்க, பாட்டே வரலீங்க” என்று அவன் கத்தியதை யார் கேட்பார்கள்? மணல் பறந்தது. சுவாமிநாதன் முதலாளியின் நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டார். மரியாதைக்காக என்று பிற்பாடு விளக்கம் சொன்னார். செல்லமுத்து எங்களிடம் ஓடி வந்தார்.

“சாமி, நீங்க நாலு வரி பாடுனீங்கன்னாத்தான் அவனும் மிஞ்சுவான், கொட்டாயும் மிஞ்சும். போங்க சாமி!”

அண்ணன் ரங்கனைப் பார்த்தார். அவன் உதடு கிழிந்திருந்தது. நேராகத் திரைக்கு முன்னால் போய் மைக்கைப் பிடித்தார். அவரைக் கண்டதும் கூட்டம் அடங்கியது. ஆர்மோனியம் இல்லாமலே என் விரல்கள் கட்டையைத் தேடின.

“அந்த ஆளை உட்டுருங்க” என்றார் அண்ணன். குரல் ஓட்டைத் துருத்திபோல வெறும் காற்றாகத்தான் வந்தது. “அவரு பாட்டை வெட்டலீங்க. பாட்டே இல்லைங்க. எனக்குத் தொண்டை போச்சுங்க. இனிமே பாடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நீங்க இத்தன வருஷம் கேட்டீங்க, அது போதும்னு மாதாவே நெனச்சுட்டாங்களாட்டம் இருக்கு. என்னை மன்னிச்சுக்குங்க.”

இத்தனை நாளும் மூடி வைத்ததை ஊர் முன்னால் போட்டு உடைத்துவிட்டார். பிள்ளையின் வாயைப் பொத்தின அந்த அம்மாள் ஓவென்று அழுதாள். பிறகு ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

“அடடடா! என்னமா நடிக்கிறாரு பாருங்கய்யா! நெசமாவே தொண்டை போனாப்பிடியே!”

கைதட்டல் கொட்டாயைத் தூக்கியது. “ஒன்ஸ் மோர்! ஒன்ஸ் மோர்!”

“இது நடிப்பு இல்லைங்க” என்றார் அண்ணன் திகைத்துப்போய். அதற்கு இன்னும் பலமாகத் தட்டினார்கள். ரங்கனைப் பிடித்திருந்தவர்கள் ஒன்ஸ் மோர் கிடைக்காமல் விடுவதாக இல்லை. அண்ணன் மறுபடி முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். ரங்கனை விட்டார்கள்.

கதை இலாகா அங்கேயே மணலில் கூடியது. நாற்காலியைத் தட்டித் துடைத்துப் போட்டார்கள்.

“முதலாளி அவர்களே! இந்த முடிவை இலாகா ஆரம்பத்திலிருந்தே திட்டமிட்டிருந்தது” என்றார் சுவாமிநாதன். “இனி ஒவ்வொரு ஆட்டத்திலும் யாகப்பன் நேரில் தோன்றித் தொண்டை போனதாக நடிப்பார். பாட்டு கிடையாது. ஒப்பந்தம் எழுத்துக்கு எழுத்து காப்பாற்றப்படுகிறது.”

அண்ணனுக்கு அவர் கேட்ட வேலை கிடைத்துவிட்டது. சீரியஸ் வேஷம், பாட்டு இல்லை, தினமும் சோறு. செல்வமேரி அண்ணியிடம் போய்ச் சொன்னேன். அண்ணி அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தார்.

ராசிபுரம், திருச்செங்கோடு, குமாரபாளையம் என்று படம் நகர்ந்தது. எங்கே போனாலும் ஒன்ஸ் மோர். தொண்டை போச்சு என்று சொல்லிச் சொல்லியே இருந்த தொண்டையும் போயிற்று. குமாரபாளையத்தில் ஒருநாள் மைக்கில் வெறும் காற்றுதான் வந்தது. இலாகா அதற்கும் வழி வைத்திருந்தது.

“சினிமாவில் இதற்குப் பின்னணிக் குரல் என்று பெயர்” என்று எனக்கு விளக்கினார் சுவாமிநாதன். “அவர் வாயசைக்கட்டும். நீ திரைக்குப் பின்னால் நின்று பேசு. அவர் குரல் உனக்குத்தானே பழக்கம்?”

பழக்கம்தான். அந்தக் குரலுக்குப் பின்னாலேயே ஓடி வளர்ந்தவன் நான். “நீயே பேசுடா” என்று அண்ணனும் சைகை காட்டினார். ஆர்மோனியத்தை உறை போட்டு மூடிவிட்டுத் திரைக்குப் பின்னால் போனேன்.

கடைசியாக எங்கள் அம்மாபேட்டைக்குப் படம் வந்தது. அன்றைக்குத்தான் அண்ணி முதல்முறையாகக் கொட்டகைக்கு வந்தார். திரையில் இருந்த ஒரு கிழிசல் வழியாகப் பார்த்தேன். பெண்கள் பக்கத்தில், கையில் ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தார். அண்ணன் மைக் முன்னால் போய் நின்றார். அவர் வாய் அசைந்தது. நான் பேச வேண்டும். அண்ணியின் முகத்தைப் பார்த்தவனுக்கு ஒரு வார்த்தை வரவில்லை. அண்ணன் வாய் மட்டும் தனியாக அசைந்துகொண்டிருந்தது. எனக்குத் தொண்டை போச்சுங்க என்று அவர் சொல்வது கொட்டகையில் ஒருவருக்கும் கேட்கவில்லை.

“சவுண்டு! சவுண்டு!” என்று ஜனங்கள் கத்தினார்கள். “ஆபரேட்டரு, தூங்குறியா? சவுண்டு வையி!”

சுவாமிநாதன் ஓடி வந்து என் தோளை உலுக்கினார். அண்ணன் லேசாகத் திரும்பி, வலது கைச் சுண்டுவிரலை மட்டும் தூக்கினார். கச்சேரியில் சுருதி கேட்பதற்கு அவர் காட்டுகிற சைகை அது. அதற்கு நான் ஒருநாளும் தவறினதில்லை.

“எனக்குத் தொண்டை போச்சுங்க” என்றேன்.

கைதட்டினார்கள். ஒன்ஸ் மோர் என்றார்கள். மறுபடியும் சொன்னேன்.

பெண்கள் பக்கத்தில் ஜெபமாலையோடு இருந்த ஒரு அம்மாள் பாதியிலேயே எழுந்து வெளியே போய்விட்டதாகவும், அவருக்குக் கலையுணர்ச்சி போதாது என்றும் கதை இலாகா அடுத்த கூட்டத்தில் தீர்மானித்தது. நாற்காலி ஒன்றும் சொல்லவில்லை.